தகரத்தில் விழும் மழையும் சீருடையின் கழுத்துப்பட்டியும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனது மகனுக்கு எட்டு வயது. தகரக் கூரை போட்ட வீட்டில் இருக்கிறோம். மழை இரைந்து பெய்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய்விடுகிறான். பின்னேரம் பாண் விற்க வரும் ஆட்டோவின் பாட்டுக் கேட்டாலே அழுகிறான். சீருடைச் சேட் கழுத்தில் "கடிக்குது" என்று காலை தோறும் சண்டை. நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்கிறார் மாமி. அவனது அப்பா அடித்தும் பார்த்துவிட்டார். இது பிடிவாதமா, வருத்தமா?
– ஒரு தாய், கண்டாவளை

பதில்: அன்புச் சகோதரி, இது பிடிவாதம் அல்ல. கடிக்கிறது என்று உங்கள் மகன் சொன்னால் அவனுக்கு அது உண்மையாகவே கடிக்கிறது. அடிப்பது இன்றோடு நிற்க வேண்டும். ஓசையைத் தாங்க முடியாமல் அழும் பிள்ளைக்கு அடியும் விழுந்தால், அவன் ஓசைக்கு மட்டுமன்றி உங்களுக்கும் பயப்படத் தொடங்குவான்.

உடுப்பு நாள் முழுவதும் உடம்பில் பட்டுக்கொண்டிருந்தாலும், உடுத்திய சிறிது நேரத்திலேயே நாம் அதை மறந்துவிடுகிறோம், ஏனெனில் வேண்டாத தொடுகையையும் ஓசையையும் மூளை தானாகவே தணித்துவிடுகிறது. சில பிள்ளைகளுக்கு அந்தத் தணிப்புப் போதியளவு நடைபெறுவதில்லை. காலை ஆறு மணிக்கு உறுத்திய கழுத்துப்பட்டி பத்து மணிக்கும் அதே அளவுக்கு உறுத்தும். அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளரான ஜீன் அயர்ஸ் 1972ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி விரிவான நூலொன்றை எழுதினார். 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு, புலன்கள் அளவுக்கு மிஞ்சியோ குறைந்தோ செயற்படுவதை ஓட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. எனினும் ஓட்டிசம் இல்லாத பிள்ளைகளிடமும் இது காணப்படுவதால், இதை மட்டும் வைத்துக்கொண்டு எவரும் உங்கள் மகனுக்கு ஒரு பெயர் சூட்ட இடம்கொடாதீர்கள். பேச்சு, சக பிள்ளைகளுடனான விளையாட்டு, பழக்கம் சற்று மாறினாலும் தாங்காமை ஆகியவற்றிலும் உங்களுக்கு ஐயம் இருந்தால் வைத்தியரிடம் சொல்லி, சிறுவர் மருத்துவ நிபுணரைப் பார்க்க வழி கேளுங்கள். காதையும் ஒருமுறை சோதிப்பித்துக்கொள்ளுங்கள்.

பாண் ஆட்டோவைக் கண்டு அவன் அழுவதற்கு அந்தப் பாட்டு மட்டும் காரணமாக இராது. உறுத்தும் சேட், பேருந்தின் ஹோர்ன், இடைவேளைக் கூச்சல், வகுப்பறையின் வெக்கை எனக் காலையிலிருந்து சேர்ந்த பாரம் அந்த நேரத்தில்தான் வெளியே வருகிறது. ஆகவே பள்ளிக்கூடத்தால் வந்ததும் சேட்டைக் கழற்றவிட்டு, கேள்வி எதுவும் கேட்காமல், அரை மணி நேரமாவது அமைதியான மூலையில் இருக்கவிடுங்கள். பாண் ஆட்டோ நாள்தோறும் ஏறத்தாழ ஒரே நேரத்தில்தானே வருகிறது? அதற்குச் சற்று முன்னரே அவனிடம் சொல்லுங்கள். படலையடிக்கு வருவதா, உள்ளே நிற்பதா என்பதை அவனே தீர்மானிக்கட்டும். மிக்ஸியின் சுவிச்சையும் அவனே போட்டு அவனே நிறுத்தட்டும். எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று தெரிந்த ஓசை திடீரென்று வரும் ஓசையைப் போல வருத்துவதில்லை.

புதுச் சேட்டை நாலைந்து தடவை தோய்த்து, கஞ்சி போடாமல் காயவிடுங்கள். கழுத்தின் உட்புறத்திலுள்ள லேபலைக் கத்தரிக்கோலால் வெட்டினால் மட்டும் போதாது. வெட்டிய இடத்தில் நைலோன் நூலின் முனை முள்ளாக நிற்கும், விரலால் தடவிப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். தையலை ஊசியால் பிரித்து அந்த நூலையும் எடுத்துவிட்டு, உள்ளே தோய்த்துப் பழகிய பருத்திப் பெனியனைப் போட்டுவிடுங்கள். தகரத்துக்கு மேலே கிடுகு பரப்பிக் கட்டினால் மழைத்துளி நேரே தகரத்தில் அறையாது, வெக்கையும் குறையும்; மாரி தொடங்குவதற்கு முன், புரட்டாதிக்குள் அதைச் செய்துவிடுங்கள். தகரக் கொட்டிலில் படித்தவள் நான். மழை பிடித்தால் ஆசிரியரின் வாய் அசைவது மட்டுமே தெரியும், அந்த இரைச்சல் இன்றும் நினைவில் இருக்கிறது.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. திருவிழா ஒலிபெருக்கிக்கும் வெடிக்கும் காதை மூடுவது சரி. ஆனால் நாள் முழுவதும் பஞ்சு வைத்தால் காது அமைதிக்கே பழகி, சிறிய ஓசையும் பெரிதாகக் கேட்கத் தொடங்கும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு அவனையும் கூட்டிச் செல்ல விரும்பினால், சனம் சேருவதற்கு முன்பே போய்க் கும்பிட்டுவிட்டு, அவன் உங்கள் கையை அழுத்தியதும் திரும்பி வாருங்கள்.

கேள்வி: வயது 41. 2009க்குப் பிறகு வெடிச் சத்தம் கேட்டால் உடம்பு முழுவதும் நடுங்குகிறது. கலியாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டேன். எனக்கும் காதில்தான் குறையா?
– ஒரு வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: அன்பரே, வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும், மேலே சொன்ன பிள்ளைக்கு ஓசையே வலியாக இருக்கிறது, உங்களுக்கோ அந்த ஓசை, அன்று பதுங்குகுழிக்குள் உயிரைக் காப்பாற்றிய உடம்பை மீண்டும் எழுப்பிவிடுகிறது. மிக்ஸியும் ஒலிபெருக்கியும் உங்களை வருத்தாமல், வெடி, தாழப் பறக்கும் ஹெலிகொப்டர் போன்றவை மட்டும் நடுங்கவைத்தால் காரணம் பெரும்பாலும் காதில் இல்லை. கெட்ட கனவும் நித்திரைக் குழப்பமும் சேர்ந்திருந்தால், மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். இத்தனை ஆண்டுகள் கழிந்த பின்னரும் பேச்சுவழிச் சிகிச்சையால் இது தணியக்கூடியது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை முதலில் அழையுங்கள். அடுத்த கலியாண வீட்டில் வெடி கொளுத்துபவரிடம், கொளுத்துவதற்கு முன் உங்களுக்கு ஒரு சொல் சொல்லும்படி கேளுங்கள். உங்கள் ஊரில் அதன் காரணத்தை எவருக்கும் விளக்க வேண்டியிராது.