வளைந்த மூலக்கூறுகளின் மீட்சி மாறிலிகள்: கேள்வி – பதில்

கேள்வி: நெமாட்டிக் என்பது மூலக்கூறுகள் ஏறத்தாழ ஒரே திசையை நோக்கும் திரவப் படிக நிலை. அந்தத் திசை விரிவதையும் முறுகுவதையும் வளைவதையும் எதிர்க்கும் விறைப்பே விரிவு, முறுக்கு, வளைவு ஆகிய மூன்று மீட்சி மாறிலிகள். கோல் வடிவ நெமாட்டிக்கில் பொதுவாக வளைவு மாறிலிதான் பெரியது. வாழைப்பழ வடிவ மூலக்கூறுகளில் அது விரிவு மாறிலிக்கும் கீழே இறங்கிவிடுவது ஏன்?

பதில்: நேரான கோல்கள் சராசரியாக நோக்கும் திசைக்கோட்டை வளைத்தால் கோல்கள் ஒன்றோடொன்று இடிக்கும், அதற்கு ஆற்றல் செலவாகும். மூலக்கூறே வளைந்திருந்தால் வளைந்த கோட்டில் அது இயல்பாகப் பொருந்திக்கொள்ளும். அறை வெப்பநிலையில் 5சிபி என்ற கோல் வடிவப் பொருளின் விரிவு மாறிலி சுமார் 6 பிகோநியூட்டன். வளைவு மாறிலி அதைவிடக் கூடுதல். வளைந்த மூலக்கூறுகளிலோ வளைவு மாறிலி பல நேரம் 2, 3 பிகோநியூட்டன்தான். ஆனால் வடிவத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். குளிர்விக்கும்போது, மூலக்கூறுகள் அடுக்கடுக்காக நிற்கும் ஸ்மெக்டிக் ஏ நிலை நெருங்கினால் முறுக்கு, வளைவு மாறிலிகள் கிடுகிடுவென ஏறிவிடும்.

கேள்வி: இணைத்தள ஒழுங்கமைப்புள்ள (மூலக்கூறுகள் கண்ணாடிக்கு இணையாகப் படுத்திருக்கும்) 10 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள செல்லில் மின்னழுத்தத்தை ஏற்றுகிறேன். மூலக்கூறுகள் எழத் தொடங்கும் வாசல் மின்னழுத்தம் தெரியவில்லை, கோடுகோடாகத்தான் தெரிகிறது. எங்கே பிழை?

பதில்: செல்லில் பிழை இருக்காது. இத்தகைய பொருள்கள் பலவற்றில் மின்காப்பு மாறிலியின் திசைவேறுபாடு எதிர்மறை, அதாவது திசைக்கோட்டின் வழியே அது குறுக்குத் திசையைவிடக் குறைவு. மின்புலம் மூலக்கூறுகளை எழுப்பாது. படுத்த நிலையிலேயே அழுத்தி வைக்கும். நீங்கள் பார்க்கும் கோடுகள் பெரும்பாலும் மின்சலனச் சுழல்கள், அதாவது மின்புலத்தால் திரவமே ஓடிச் சுழல்வது. அவற்றிலிருந்து மாறிலி எடுக்க முயல வேண்டாம்.

காந்தப்புலத்துக்கு மாறுங்கள். 20 மைக்ரோமீட்டர் செல்லில், விரிவு மாறிலி 6 பிகோநியூட்டன், காந்த ஏற்புத்திறனின் திசைவேறுபாடு பத்து லட்சத்தில் ஒன்று என்றால், வாசல் புலம் சுமார் 0.43 டெஸ்லா. அது தடிமனுக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், நிரப்புவதற்கு முன்பே வெற்றுச் செல்லின் தடிமனைக் குறுக்கீட்டுப் பட்டைகளால் அளந்துவிடுங்கள்.

புலத்தைச் செல்லுக்குச் செங்குத்தாகக் கொடுத்து, மின்தேக்குத்திறனைக் குறித்துக்கொண்டே போங்கள். அது விழத் தொடங்கும் இடம் வாசல். ஆனால் வாசல் தருவது விரிவு மாறிலிக்கும் காந்த வேறுபாட்டுக்கும் உள்ள விகிதம் மட்டுமே. இரண்டையும் பிரிக்க, சுழல்கள் தோன்றாத அளவில் சோதனை மின்னழுத்தத்தை மாற்றி மாற்றி வாசலை எடுங்கள். வாசல் புலத்தின் வர்க்கத்தை மின்னழுத்த வர்க்கத்துக்கு எதிரே வரைந்தால் நேர்கோடு வரும். அதன் சாய்விலும் வெட்டிலும் இரண்டும் கிடைக்கும். மின்காப்பு வேறுபாட்டையும் அதே அதிர்வெண்ணில் அளக்க வேண்டும். இப்பொருள்களில் அது சில கிலோஹெர்ட்சிலேயே மாறக்கூடும். வளைவு மாறிலி வாசலுக்கு மேலுள்ள வளைகோட்டைப் பொருத்துவதில் வரும். முறுக்குக்குத் தனி அமைப்பு தேவை.

அவசரம்தான் இங்கே அதிகம் கெடுக்கும். மூலக்கூறுகள் திரும்புவதை எதிர்க்கும் சுழல் பாகுநிலை 1 பாஸ்கல்-நொடி, மாறிலி 3 பிகோநியூட்டன் என்றால் 10 மைக்ரோமீட்டர் செல் அமைதியடையும் காலம் ஏறத்தாழ 3.4 நொடி, 20 மைக்ரோமீட்டரில் நான்கு மடங்கு. வாசலருகே இன்னும் நீளும். ஒவ்வொரு படியிலும் அதைப்போல் ஐந்து மடங்காவது காத்திருங்கள். வாசல் கூர்மையாக இல்லாமல் மழுங்கித் தெரிந்தால், பரப்பின் முன்சாய்வை, அதாவது அங்கே மூலக்கூறுகள் முதலிலேயே சற்றுச் சாய்ந்திருப்பதை, சந்தேகியுங்கள்.

கேள்வி: வளைவு மாறிலி சுழியத்தைத் தொட்டால்?

பதில்: சீரான நெமாட்டிக் நிலைக்காது. மாறிலி எதிர்க்குறியானால், விரிவு மாறிலி முறுக்கு மாறிலியின் இரு மடங்கைத் தாண்டும்போது முறுக்கு-வளைவுச் சுருள் உருவாகும் என்று 2001-இல் இயற்பியலாளர் டோசோவ் கணித்தார். சிபி7சிபி என்ற இரட்டை மூலக்கூறில் 2013-இல் சுமார் 8 நானோமீட்டர் புரியுள்ள (ஒரு முழுச் சுற்றின் நீளம்) சுருள் காணப்பட்டது. இரு பாதிகளுக்கும் இடையே ஏழு கார்பன் என்ற ஒற்றைப்படை எண்ணிக்கைதான் அதற்கு வளைவைத் தருகிறது.