கல்யாணம் முடியட்டும் என்று ஹெபடைடிஸ் சி மாத்திரையைத் தள்ளிப்போடலாமா?

அண்ணே, எட்டு மாதத்தில் திருச்சியில் மகள் கல்யாணம், கல்லீரலைப் பார்க்கும் ஃபைப்ரோஸ்கேனில் தழும்பு கொஞ்சம்தான், உடம்பும் நன்றாக இருக்கிறது, அப்புறம் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானாக இருந்தால் இப்போதே தொடங்குவேன்.

2009இல் இதே நோய்க்கு எனக்கு இன்டர்ஃபெரான் என்ற ஊசி. ஃபிரிட்ஜில் தயிர் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருப்பேன். வெள்ளி இரவு போட்டால் சனி முழுக்கக் காய்ச்சல், போர்வைக்குள்ளேயே கிடப்பேன். அப்போது கேட்டிருந்தால் தள்ளிப்போடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். இன்று சோஃபோஸ்புவிர்-வெல்பட்டாஸ்விர் என்றால் தினம் ஒரு மாத்திரை, பெரும்பாலும் 12 வாரம். நூற்றில் 95 பேருக்கு மேல் குணமாகிறது. முடித்து 12 வாரம் கழித்து, வைரஸ் போய்விட்டதா என்று ஒரு ரத்தப் பரிசோதனை. கூட்டிப் பாருங்கள், ஆறு மாதம்கூட ஆகாது. முகூர்த்தத்துக்கு முன்பே முடிவு கையில் இருக்கும்.

தொடங்குமுன் ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இருந்தால் இந்த மாத்திரையால் அது தலைதூக்கலாம். நெஞ்செரிச்சலுக்கு ஓமிப்ரசோல் போடுகிறீர்களா? டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், மருந்து உடம்பில் ஏறுவதை அது குறைத்துவிடும்.

செலவுதான் யோசனை என்றால், இங்கே சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) கடிதம் வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள், மானியக் கட்டணம் கிடைக்கலாம். மருந்துக்கும் மானியம் உண்டா என்று அங்குள்ள மருத்துவச் சமூக ஊழியரிடம் கேளுங்கள்.

பீர் மட்டும் இன்றோடு வேண்டாம், சரியா?