முடி வெள்ளை இருக்கட்டும், முதலில் கண்ணைப் பாருங்கள்

கேள்வி: என் மகளுக்கு 8 மாதம். பிறந்ததிலிருந்தே முடி, இமை, தோல் எல்லாம் வெள்ளை. கண்மணி ஓயாமல் ஆடுகிறது. தாய்மாமனைத்தான் கட்டியிருக்கிறேன். மாசமாக இருந்தபோது குங்குமப்பூ சாப்பிட்டதால் வந்தது என்கிறார்கள். நிறம் வருமா? அடுத்த குழந்தைக்கும் வருமா?

பதில்: குங்குமப்பூவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கிரகணத்துக்கும் இல்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அல்பினிசம் போலத் தெரிகிறது. கண் மருத்துவர் பார்த்து உறுதி செய்யட்டும். மெலனின் என்ற நிறமியை உண்டாக்கும் மரபணுவில் உள்ள பழுது இது. வெண்புள்ளி வேறு, இது வேறு. சில வகைகளில் வயது ஏற ஏற முடி கொஞ்சம் மஞ்சளாகும், பழுப்பாகும். நிறம் வரவைப்பதாகச் சொல்லும் எந்தக் களிம்புக்கும் காசு கொடுக்காதீர்கள்.

எல்லாரும் நிறத்தையே கேட்கிறீர்கள். எனக்குக் கவலை கண்தான். விழித்திரை கருவில் சரியாக உருவாக அந்த நிறமி வேண்டும். அது குறைந்தால், கூர்மையாகப் பார்க்க உதவும் மையக்குழி முழுதாக அமையாது. கண் ஆடுவதும் வெளிச்சத்தில் கூசுவதும் இதோடு சேர்ந்தவை. ஆட்டம் பெரும்பாலும் வளர வளரக் குறையும். பள்ளிக்குப் போகட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே குழந்தைகள் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்; கைக்குழந்தைக்கும் பவர் பார்த்துக் கண்ணாடி போடலாம். முழுப் பார்வை வராது. இருக்கும் பார்வை நன்றாகப் பயன்படும்.

நாளைக்கு அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்ப்பாள். அந்தக் கோணத்தில்தான் கண்ணின் ஆட்டம் அடங்கி, எழுத்து தெளிவாகத் தெரியும். "நேரா பாரு" என்று தலையைத் திருப்பிவிடாதீர்கள். புத்தகத்தை மூக்குக்கு அருகில் பிடித்துப் படித்தால் கண் கெடாது, படிக்கட்டும். முதல் பெஞ்சும் பெரிய எழுத்தும் வேண்டும் என்று ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள்.

வெயில் உச்சியில் இருக்கும்போது வெளியே வேண்டாம். முழுக்கைச் சட்டை, அகலத் தொப்பி, எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன். இதில் மட்டும் சோம்பல் கூடாது. பாதுகாப்பில்லாமல் வெயில் பட்டுக்கொண்டே இருந்தால் பிற்காலத்தில் தோல் புற்றுநோய் வரலாம்.

அடுத்த குழந்தை? பெரும்பாலான வகைகளில் அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் குழந்தைக்கு வெளிப்படும். சொந்தத்துக்குள் கட்டும்போது இருவரிடமும் ஒரே பழுது இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் ஒவ்வொரு பிரசவத்திலும் 25 சதவீதம். ஒன்று இப்படிப் பிறந்துவிட்டது, அடுத்த மூன்றுக்கு வராது என்று கணக்குப் போட முடியாது. கருத்தரிக்கும் முன்பே மரபணு ஆலோசகரைப் பாருங்கள்.

அடிபடாமலே உடம்பு கன்றிப்போகிறதா, மூக்கில் அடிக்கடி ரத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். ரத்தம் உறைவதில் குறையுள்ள அரிய வகையும் உண்டு. அப்படி இருந்தால், பல் பிடுங்குவதானாலும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.