கிருஷ்ணகிரியில் பால்புதுமையினர் மையம்: வாடகைப் பணம் எங்கிருந்து வரும்?

கேள்வி: நாங்கள் ஏழு பேர் சேர்ந்து கிருஷ்ணகிரியில் தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்ட பால்புதுமையினருக்கான (எல்ஜிபிடி) சமூக மையம் ஒன்றைத் தொடங்க எண்ணுகிறோம். தருமபுரியிலிருந்தும் பலர் வருவார்கள். நிதிக்கு யாரை அணுகுவது?

பதில்: யாருக்காக இந்த மையம் என்பதை முதலில் தீர்மானியுங்கள். எச்ஐவி தடுப்புத் திட்ட நிதியில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் டிராப்-இன் மையங்கள் (நினைத்தபோது வந்து இளைப்பாறி ஆலோசனை பெறும் இடங்கள்) திருநங்கைகளுக்கும், ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களுக்கும் பெரிதும் உதவுகின்றன. ஆனால் நோய்த்தடுப்பே அந்த நிதியின் நோக்கம் என்பதால், கட்டாயத் திருமணத்துக்கு நெருக்கப்படும் தன்பாலீர்ப்புப் பெண்ணும், பெண்ணாக வளர்க்கப்பட்டு ஆணாக வாழும் திருநம்பியும் அதற்குள் வருவதில்லை. இரு பெண்கள் தொடுத்த வழக்கில் 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம், குறுகிய காலத் தங்கும் இல்லங்களில் பால்புதுமையினருக்கும் இடமளிக்க ஏற்பாடு செய்யச் சொன்னது. அந்த உத்தரவோடு அரசு அலுவலகப் படியேறிப் பேச மாவட்டத்தில் ஆள் வேண்டும். உங்கள் மையத்தின் முதல் வேலை அதுவே என்பேன்.

ஏழு பேர் இருப்பதால் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை கிடைக்கச் செய்யும், 80ஜி என்று பலரும் அறிந்த பதிவையும் கூடவே பெறுங்கள்.

ஓசூர் ஆலைகளின் சிஎஸ்ஆர் பணம் (நிறுவனங்கள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் நிதி) உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். ஆனால் அதைச் செலவிடும் வெளி அமைப்புக்கு மூன்றாண்டு அனுபவம் வேண்டும் என்பது விதி. வெளிநாட்டு நன்கொடைக்கான பதிவுக்கும் மூன்றாண்டுச் செயல்பாடும் 15 லட்சம் ரூபாய்ச் செலவும் காட்ட வேண்டியிருக்கும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு வேறோர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை உங்களுக்குக் கைமாற்றவும் முடியாது. ஆகவே முதல் மூன்று ஆண்டுகளை உள்ளூர் மாதாந்திர நன்கொடையில்தான் ஓட்டியாக வேண்டும். பயிற்சிக்கும் முகாமுக்கும் எளிதில் பணம் தருபவர்கள் வாடகைக்கும் ஊழியர் சம்பளத்துக்கும் தரத் தயங்குகிறார்கள். எனவே கட்டடம் பிடித்து அட்வான்ஸ் கொடுக்காமல், ஏற்கெனவே இயங்கும் தொண்டு நிறுவனம் ஒன்றின் அறையில் வாரம் இரண்டு மாலைகள் தொடங்குங்கள். சேரும் நன்கொடை ஒரு முழுநேர ஊழியரின் சம்பளத்துக்குப் போகட்டும்.

நிதி தருபவர்கள் பெரும்பாலும் பயனாளிகளின் பெயர்ப் பட்டியலும் புகைப்படமும் கேட்பார்கள். பென்னாகரத்திலோ ஊத்தங்கரையிலோ ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றினாலே ஒருவர் வீட்டைவிட்டு வெளியேற நேரலாம். எண்ணிக்கையும் கணக்கும் மட்டுமே தருவோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். அதை ஏற்காதவரின் பணம் எவ்வளவு பெரிதானாலும் வாங்காதீர்கள்.