அம்மாவின் முழங்காலுக்கு எந்த வாகனம்?

கேள்வி: உரும்பிராயில் இருக்கிறோம். 2008ஆம் ஆண்டு டொயோட்டா அக்சியோ கார் ஒன்று 11 வருஷமாக எங்களிடம் நிற்கிறது. பெரிய கரைச்சல் தந்ததில்லை. அம்மாவுக்கு 79 வயது, முழங்கால் வருத்தம். காரில் ஏறி இறங்கப் பெரும் பாடுபடுகிறா. மாரி காலத்தில் எங்கள் ஒழுங்கையில் வெள்ளம் நிற்கும், காரின் அடி தட்டும். கனடாவில் இருக்கும் தம்பி, "காசு நான் தாறன், ஒரு எஸ்.யூ.வி. எடுங்கோ" என்கிறான். ஹொண்டா வெசலும் டொயோட்டா ரைஸும் பார்த்தோம். அக்சியோவின் வாகன் வடிவமான ஃபீல்டர் ஒன்றும் விலைக்கு வந்திருக்கிறது, ஆனால் வீட்டில் ஒருவருக்கும் அதில் விருப்பமில்லை. வருஷத்தில் நாலைந்து தடவை கொழும்பு போய்வருவோம். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஒரு அளவுநாடாவை எடுங்கள். வாகனம் பார்க்கப் போவது அதற்குப் பிறகு.

உங்கள் கேள்வியில் மூன்று விஷயம் கலந்திருக்கிறது: அம்மாவின் முழங்கால், ஒழுங்கை வெள்ளம், தம்பியின் காசு. மூன்றையும் சேர்த்துக் கட்டி எஸ்.யூ.வி. என்று வீட்டில் பெயர் வைத்துவிட்டீர்கள் போலத் தெரிகிறது. முழங்காலுக்கு அது உண்மையிலேயே மருந்து. வெள்ளத்துக்கு அவ்வளவு மருந்தில்லை. காசுக்குப் பிறகு வருகிறேன்.

முழங்காலில் இருந்து தொடங்குவோம். "காரில் ஏறுவது" என்று வாய்க்குச் சொல்கிறோமே தவிர, அக்சியோ மாதிரி ஒரு சலூன் காரில் நடப்பது இறங்குவதுதான். இடுப்பை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய், தலையைக் குனிந்து, ஒரு காலை உள்ளே இழுக்க வேண்டும். திரும்ப வெளியே வரும்போது உடம்பு முழுவதையும் முழங்கால்தான் தூக்க வேண்டும். மூட்டு வருத்தக்காரரைக் கேட்டுப் பாருங்கள், இருப்பதைவிட எழும்புவதற்குத்தான் பயப்படுவார்கள்.

இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. உங்கள் அம்மாவின் வயதுக்காரர் மொறிஸ் மைனரிலும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜிலும் கோவிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போய் வந்தவர்கள். பெற்றோல் தடை இருந்த காலத்தில், காபரேட்டருக்குள் துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் இந்த ஊரையே சுமந்தவை அந்தக் கார்கள். மொறிஸ் மைனரின் உயரம் 1.52 மீற்றர். உங்கள் அக்சியோ அதைவிட அரை மீற்றருக்கு மேல் நீளம், ஆனால் உயரம் 1.46 மீற்றர்தான். காற்றுத் தடையைக் குறைக்கவும் பார்வைக்கு எடுப்பாக இருக்கவும் சலூன் கார்கள் வரவர நிலத்தோடு ஒட்டிக்கொண்டே போய்விட்டன. ரைஸின் உயரம் 1.62 மீற்றர். எஸ்.யூ.வி. என்ற பெயரில் இப்போது விற்பதில் பாதி, எங்கள் தாத்தா காலத்துக் கதிரை உயரத்தைத் திருப்பித் தருவதுதான் என்பது என் எண்ணம். அதை நான் குறைவாகச் சொல்லவில்லை.

சரி, அளவுநாடா. வீட்டில் அம்மா யாருடைய கையும் பிடிக்காமல் எழும்பும் கதிரை எது என்று பாருங்கள். நிலத்திலிருந்து அதன் இருக்கை எவ்வளவு உயரம் என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு மேசைக் கதிரை என்றால் 18 அங்குலம் அளவில் வரும். பிறகு அக்சியோவைச் சமதரையில் நிறுத்தி, அம்மாவை இருத்தி, இருக்கையின் வெளி விளிம்பு நிலத்திலிருந்து எவ்வளவு என்று அளவுங்கள். பார்க்கப் போகும் ஒவ்வொரு வாகனத்திலும் இதையே செய்யுங்கள். கதிரையின் உயரத்துக்குச் சமமாகவோ நாலைந்து அங்குலம் கூடவோ இருந்தால் நல்லது. கதவடியின் அகலத்தையும் கவனியுங்கள். அது அகலமாக இருந்தால் இருக்கை எட்டத்துக்குப் போய்விடும், உயரம் சரியாக இருந்தும் பயனில்லை. பிராடோ, மொன்ரெரோ மாதிரிப் பெரிய ஜீப்புகளில் பிரச்சினை தலைகீழ்: படியில் கால் வைத்து ஏற வேண்டும். சேலை கட்டிய 79 வயது அம்மாவுக்கு அது அக்சியோவைவிட மோசம்.

இன்றைக்கே செய்யக்கூடியதையும் சொல்லிவிடுகிறேன். தெருவோரக் கட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி அம்மாவை ஏற்றாதீர்கள். அவர் நிற்கும் இடம் உயர்ந்தால் இருக்கை இன்னும் பதிந்துபோகும். முன் இருக்கையை முழுதாகப் பின்னுக்குத் தள்ளுங்கள். முதலில் வெளியே பார்த்தபடி இருந்து, பிறகு இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே திருப்பச் சொல்லுங்கள். இருக்கையில் வழுவழுப்பான துணியோ பொலித்தீன் பையோ விரித்துவிட்டால் திரும்புவது லேசு. ஆள் இருந்த பிறகு அதை உருவி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிரேக் போடும்போது வழுக்கும்.

இனி வெள்ளம். வழுக்கை ஆற்றைத் தவிர ஆறென்று சொல்ல ஒன்றுமில்லாத தட்டையான குடாநாடு இது. விழுந்த மழை போக வழியில்லாமல் ஒழுங்கையில் நிற்கிறது. அக்சியோவின் அடிக்கும் நிலத்துக்கும் இடைவெளி 15 சென்ரிமீற்றர் அளவு. ரைஸுக்கு 18.5. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு தீப்பெட்டியின் அகலம். கல்லும் மேடும் தட்டாமல் இருக்க அது உதவும், நான் மறுக்கவில்லை. ஆனால் வெள்ளத்துக்குள் எவ்வளவு ஆழம் போகலாம் என்பது வேறு கணக்கு. எஞ்சின் காற்றை இழுக்கும் வாய் எங்கே இருக்கிறது என்பதுதான் அதில் முக்கியம். அதற்குள் தண்ணீர் போனால், தண்ணீரை அமுக்க முடியாது என்பதால் பிஸ்ரன் முட்டிக் கொனெக்ரிங் றொட் வளையும். அந்தப் பில்லை நீங்கள் பார்க்க வேண்டாம். ஹைபிரிட் என்றால் இன்னொரு கவலையும் உண்டு. முதல் தலைமுறை வெசலில் பற்றரி டிக்கித் தளத்துக்குக் கீழே, ரைஸ் ஹைபிரிட்டில் பின் இருக்கைக்குக் கீழே. உள்ளே தண்ணீர் ஏறினால் முதலில் நனைவது அந்த இடங்கள்தான். நாலு சில்லும் இழுக்கும் என்று நினைத்திருந்தால் அதையும் கேட்டு உறுதிப்படுத்துங்கள், இந்த வகையில் இங்கே ஓடுபவை பெரும்பாலும் முன்சில்லு மட்டும் இழுப்பவை. வெசல் என்பது ஹொண்டா ஃபிட் காரின் அடித்தளத்தில் கட்டிய வாகனம். பார்வைக்கு ஜீப், பிறப்பில் கார்.

என்ன வாகனமானாலும், நிற்கும் தண்ணீர் சில்லின் பாதி உயரத்துக்கு வந்துவிட்டால் போகாதீர்கள். உங்கள் ஒழுங்கைக்கு வாகனம் மாற்றுவதைவிட மதகைத் துப்பரவாக்க ஆட்களைச் சேர்ப்பது மலிவு. அக்சியோவின் அடி தட்டுவதற்குக் காரணம், 17 வருஷம் கடந்த பின் ஸ்பிரிங்காகவும் இருக்கலாம். அவை தளர்ந்து வாகனம் பதிந்திருக்கும். ஸ்பிரிங்கையும் ஷொக்கையும் மாற்றினால் இழந்த உயரம் திரும்ப வரும். அவற்றுக்கு மேல் றப்பர்த் துண்டு வைத்துத் தூக்கித் தருகிறோம் என்று சில கராஜ்களில் சொல்வார்கள், வேண்டாம். அச்சு மூட்டுகள் சாய்ந்து சீக்கிரம் தேயும், ஹெட்லைற் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

இதைவிட நான் கூடக் கவலைப்படுவது உங்கள் ஒழுங்கையின் அகலத்தைப் பற்றி. ஜப்பானில் சிறிய கார் வகுப்புக்கு ஒரு சட்ட எல்லை உண்டு: நீளம் 4.7 மீற்றர், அகலம் 1.7 மீற்றர், எஞ்சின் 2000 சிசி. அந்த எல்லைக்குள் நிற்கவேண்டும் என்றே அக்சியோவை 1,695 மில்லிமீற்றர் அகலத்தில் வைத்தார்கள். அங்கேயும் ஒடுங்கிய தெருக்கள்தான், மதிலோடு மதில். கோண்டாவிலிலும் கொக்குவிலிலும் இந்தக் கார் இவ்வளவு இலகுவாகத் திரும்புவது தற்செயல் இல்லை. ரைஸும் அதே 1,695. வெசல் 1,770. ஏழரை சென்ரிமீற்றர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். படலைக்குள் வளைத்து எடுக்கும்போது, எதிரே சைக்கிளில் ஒரு பிள்ளை வரும்போது, அந்த ஏழரை எங்கே போனது என்று தேடுவீர்கள். திரும்புவதற்கு வேண்டிய குறைந்தபட்ச ஆரையும் ரைஸுக்கு 5 மீற்றருக்குள், வெசலுக்கு 5.3.

எஸ்.யூ.வி. என்றாலே பாரம், பெற்றோல் குடிக்கும் என்ற பேச்சுக்கும் ஒரு வார்த்தை. 2023இல் உலகில் விற்ற கார்களில் 48 வீதம் எஸ்.யூ.வி.க்கள் என்றும், நடுத்தரக் காரைவிட அவை சராசரியாக 200 முதல் 300 கிலோ கூடுதல் எடை என்றும் சர்வதேச எரிசக்தி முகவரகம் கணக்குச் சொன்னது. வெசல் ஹைபிரிட் 1,270 கிலோ அளவில் அந்தப் பேச்சுக்குப் பொருந்தும். ரைஸ் ஒரு தொன்னுக்கும் குறைவு, உங்கள் அக்சியோவைவிட லேசு. ஆகவே "எஸ்.யூ.வி. நல்லதா, கூடாதா" என்று மொத்தமாகக் கேட்பதில் பொருளில்லை. பெரிய ஜீப்புகளின் மேல் எனக்குள்ள மனத்தாங்கல் வேறு. பொனட் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வாகனம் மோதினால், 30 அங்குலத்துக்கு உட்பட்டதும் சரிவானதுமான முகப்புள்ள காரைவிட நடந்துபோகிறவர் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 45 வீதம் கூடுதல் என்று அமெரிக்க ஆய்வொன்று 2023இல் கண்டது. சைக்கிளும் ஆடும் பள்ளிக்கூடப் பிள்ளையும் ஒரே ஒழுங்கையில் போகும் ஊர் இது.

வெசலா, ரைஸா என்றால் என் வாக்கு ரைஸுக்கு. முதல் தலைமுறை வெசல் ஹைபிரிட்டில் இரட்டைக் கிளச் கியர்பெட்டி இருக்கிறது. 2014இல் ஜப்பானில் அதன் கட்டுப்பாட்டு மென்பொருளைத் திருத்த வாகனங்களைத் திரும்பத் திரும்ப அழைத்தார்கள். ஊர்ந்து ஊர்ந்து போகும் ஓட்டம் அந்தக் கிளச்சுக்கு ஆகாது. நல்லூர்த் திருவிழா நாட்களில் கந்தர்மடத்தைக் கடந்து பாருங்கள், நான் சொல்வது விளங்கும். பழையதை எடுப்பதென்றால் கியர்பெட்டியின் வரலாற்றைக் காட்டச் சொல்லி, சூடேறும்வரை ஓட்டிப் பார்த்து எடுங்கள்.

ரைஸில் 996 சிசி ரேபோ எஞ்சின் உள்ளதைப் பாருங்கள். இங்கே இறக்குமதி வரியின் பெரும் பங்கு எஞ்சின் கொள்ளளவை வைத்தே போடப்படுகிறது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்தபோது ஆயிரம் சிசிக்கு உட்பட்ட எஞ்சின்களுக்கு இவ்வளவு கிராக்கி வந்ததற்கு அதுவே முக்கிய காரணம். மூன்று சிலிண்டர் என்பதால் நிற்கும்போது சின்ன அதிர்வு இருக்கும், பழகிவிடும். ரேபோ என்பதால் ஒயில் மாற்றத்தைத் தள்ளிப் போடக்கூடாது. உரும்பிராயிலிருந்து டவுனுக்கு மட்டும் ஓடும் குறுகிய ஓட்டத்தில் ஒயில் சீக்கிரம் கெடும், அதனால் கிலோமீற்றரோடு மாதக் கணக்கையும் பாருங்கள். 17 அங்குலச் சில்லு உள்ளதை விட்டு 16 அங்குலச் சில்லு உள்ளதைத் தேடுங்கள். ரயர் கிடைப்பதும் விலையும் இரண்டிலும் ஒன்றல்ல. ஹைபிரிட் ரைஸ் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: அதைச் செய்யும் டைஹட்சு, பக்கவாட்டில் கம்பத்தில் மோதும் சோதனையில் ஒரு பக்கத்து முடிவையே மற்றப் பக்கத்துக்கும் கொடுத்ததை 2023இல் ஒப்புக்கொண்டது. விற்பனை நின்று, பிறகுதான் தொடங்கியது.

ஃபீல்டர் வாகன் பற்றி எழுதும்போது என் மனம் கொஞ்சம் கரைகிறது. டொயோட்டாவின் பழைய டீஎக்ஸ் வாகன்கள் பருத்தித்துறை மீனையும் சுன்னாகத்து மரக்கறியையும் ஏற்றிய காலத்திலிருந்து வாகன் என்றால் சாமான் ஏற்றும் வண்டி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கலியாண வீட்டு வாசலில் வாகன் நின்றால் மதிப்பில்லை என்று உங்கள் வீட்டிலும் யாரோ நினைத்திருப்பார்கள். உண்மையில் ஒரு குடும்பத்துக்கு அதைவிட உதவியான உடம்பு இல்லை. ஆனாலும் உங்களுக்கு அது வேண்டாம், காரணம் வேறு. அதன் இருக்கை அக்சியோவின் இருக்கை உயரமேதான். முழங்காலுக்கு ஒன்றும் மாறப்போவதில்லை.

ரைஸ் தோற்கும் இடமும் இருக்கிறது: டிக்கி. கீழ்த்தட்டையும் சேர்த்து 369 லீட்டர். தம்பி குடும்பத்தோடு கட்டுநாயக்காவில் வந்திறங்கினால் தலைக்கு 23 கிலோப் பெட்டி இரண்டு. உங்கள் அக்சியோவின் நீண்ட டிக்கி விழுங்குவதை ரைஸ் விழுங்காது. ஆட்கள் இருக்க வேண்டும் என்பதால் பின் இருக்கையை மடிக்கவும் ஏலாது. வருஷத்தில் ஒருமுறைதான் அப்படி என்றால் அன்றைக்கு ஒரு வான் பிடிப்பது நல்ல கணக்கு.

காசு தம்பியுடையது என்றாலும் காப்புறுதி, ரயர், சேர்விஸ் எல்லாம் உங்கள் தலையில். புதிய வாகனத்துக்கு முழுக் காப்புறுதி போட வேண்டிவரும். அந்தத் தவணையை முன்கூட்டியே கேட்டுத் தம்பியிடமும் சொல்லிவிடுங்கள்.

அக்சியோவை அவசரப்பட்டு விற்காதீர்கள். இந்த மாதம் ஸ்பிரிங், ஷொக், ரயர் மூன்றையும் பார்த்துத் திருத்துங்கள், விற்பதென்றாலும் அந்தச் செலவு வீணாகாது. பிறகு ரைஸ் வைத்திருக்கும் சொந்தக்காரர் யாரிடமாவது ஒரு மணித்தியாலம் கேட்டு வாங்குங்கள். அம்மாவை அவர் வழக்கமாகக் கோவிலுக்குக் கட்டும் சேலையோடு கூட்டிப்போய், உங்கள் படலைக்கு முன்னால் மூன்று தரம் ஏறி இறங்கச் சொல்லுங்கள். கை கொடுக்காமல் தள்ளி நின்று பாருங்கள். மூன்றாவது தரம் உங்கள் கையைத் தேடாமல் அவர் எழும்பினால் தம்பிக்குப் போன் எடுக்கலாம்.