பட்டறைப் பக்கம்: பிளாக் புதுசு, கூலர் பழசு

கேள்வி: அண்ணா, என்னுடையது டாடா 3118, பன்னிரண்டு சக்கரம். கம்மின்ஸ் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜின். சிமென்ட் லோடோடு போகும்போது ஆயில் பிரஷர் விளக்கு எரிந்ததை டிரைவர் கவனிக்கவில்லை. பிஸ்டனை கிராங்க் என்ற சுழல் தண்டோடு இணைக்கும் நாலாம் நம்பர் ராட் ஒடிந்து, பிளாக்கை (சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜின் உடம்பு) பொத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஒரு மெக்கானிக் ஓட்டையை அடைத்து ஒட்டித் தருகிறேன் என்கிறார். இன்னொருவர், பழைய வண்டி உடைக்கும் இடத்தில் பிளாக் இருக்கிறது, அதை வாங்கி மற்றதெல்லாம் நம் சாமானையே ஏற்றிவிடலாம் என்கிறார். எது சரி? ஆர்.சி.யில் ஏதும் சிக்கல் வருமா?
– லாரி உரிமையாளர், சங்ககிரி

பதில்: ஒட்டுப் போடும் பேச்சை விட்டுவிடுங்கள். தண்ணி ஓடும் பக்கச் சுவரில் மயிரிழை விரிசல் என்றால் தைத்து ஓட்டியவர்கள் உண்டு. ராட் வெளியே வந்த பிளாக்கில் வெளியே தெரியும் ஓட்டை பெரிய விஷயம் இல்லை. கிராங்க்கைத் தாங்கும் மெயின் பேரிங் உட்காரும் இடம் எவ்வளவு கோணிப்போயிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. அதில் கிராங்க்கைப் போட்டால் மறுபடி பேரிங்கைத் தின்னும்.

பழைய பிளாக் வாங்கலாம், தப்பில்லை. ஆனால் இந்த இன்ஜினில் தனி லைனர் (சிலிண்டருக்குள் செருகும் குழாய்) கிடையாது, பிஸ்டன் நேராகப் பிளாக்கிலேயே ஓடுகிறது. போர், அதாவது பிஸ்டன் ஓடும் துளை, புதிதில் 102 மி.மீ. தேய்ந்திருந்தால் அரை மி.மீ. அல்லது ஒரு மி.மீ. பெரிதாகப் போரிங் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். அதையும் தாண்டிவிட்டால் ஸ்லீவ் என்ற உள்குழாயைத்தான் இறக்க வேண்டும். அதனால் காசு கொடுப்பதற்கு முன்பே லேத்காரரைக் கூட்டிப்போய் ஆறு போரையும் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். தண்ணிப் பாதையைப் பிரஷர் டெஸ்ட் பண்ணுங்கள். மெயின் பேரிங்கை மூடிப் பிடிக்கும் கேப் ஏழும் அந்தப் பிளாக்கோடு பிறந்ததாக இருக்க வேண்டும். கேப்பைப் போட்டு முறுக்கித்தான் அந்த வட்டத்தைக் கடைகிறார்கள், ஒரு பிளாக்கின் கேப் இன்னொன்றில் வட்டமாக உட்காராது. கேப் இல்லாத பிளாக்கை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ‘மற்றதெல்லாம் நம் சாமானையே’ என்ற வரிதான். ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் நானே அந்தத் தப்பைச் செய்தேன். இதே இன்ஜின், இதே மாதிரி ராட் போன கேஸ். பிளாக், பிஸ்டன், பேரிங் எல்லாம் புதுசு, கிராங்க்கைக் கிரைண்டிங் போட்டோம். ஆயில் கூலரை மட்டும் டீசலில் ஊறவைத்து, காற்றடித்து அப்படியே மாட்டினேன். நாலாம் நாள் ஓங்கோல் பக்கத்திலிருந்து போன். சத்தம் வருகிறதாம். வண்டியைக் கட்டி இழுத்துவந்து சேம்பரை (அடியிலுள்ள ஆயில் தொட்டி) இறக்கினால் புது பேரிங்கில் மேல்பூச்சு தேய்ந்து பாதிக்கு மேல் செம்பு தெரிகிறது. ஆயில் ஃபில்டரை அறுத்தேன், மடிப்புக்கு மடிப்பு ஜிகினா மாதிரி உலோகத் துகள். ஆத்திரத்தில் கூலரையும் கட்டர் போட்டு அறுத்தேன். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே பழைய பேரிங்கின் பொடி சேறாக அப்பியிருந்தது. அந்தக் கிராங்க்குக்கு இரண்டாவது தடவை கிரைண்டிங் போட்டது என் கைக்காசில்.

இந்த இன்ஜினில் கூலர் என்பது தட்டுகளை அடுக்கிய ஒரு பொருள், பிளாக்கின் பக்கவாட்டுப் பள்ளத்தில் உட்காரும். உள்ளே பிரஷ் போகாது, எதில் ஊறவைத்தாலும் முழுசாகச் சுத்தமாகாது. பேரிங் போன இன்ஜின் என்றால் கூலரை மாற்றியே தீர வேண்டும். டர்போவுக்குப் போகும் ஆயில் பைப்பையும், டர்போ ஆடுகிறதா என்பதையும் பாருங்கள். சேம்பரிலிருந்து ஆயில் உறிஞ்சும் குழாயின் வலையைக் கழுவுங்கள், குழாயில் விரிசலும் இருக்கக் கூடாது. வலை அடைத்துக்கொண்டோ குழாய் விரிசல் விட்டோதான் உங்கள் பிரஷர் விளக்கே எரிந்திருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். உங்கள் கிராங்க்கையும் மீதி ஐந்து ராடையும் விரிசல் சோதனை பண்ணாமல் போடாதீர்கள். வாங்குகிற பிளாக்கிலும் ஆயில் ஓடும் துளைகளின் பிளக்கையெல்லாம் கழற்றி, நீள பிரஷ் விட்டுத் தேயுங்கள். வெள்ளைத் துணியில் துடைத்தால் கறுப்பு வரக் கூடாது.

பூட்டும்போது மூன்று இடத்தில் கவனம். வால்வுகளை இயக்கும் கேம் தண்டின் மேல் உட்காரும் டேப்பெட் எல்லாம் அடியிலிருந்து போடுகிற காளான் வடிவம், அதனால் பிளாக்கைக் கவிழ்த்து, கேமுக்கு முன்னால் அதைப் போட வேண்டும். மறந்தால் திரும்பவும் கழற்றுகிற வேலை. இரண்டாவது, மெயின் பேரிங் இருக்கைகளில் பிஸ்டனுக்கு அடியில் ஆயில் பீய்ச்சும் குட்டி நாசில்கள் இருக்கும், சில பழைய பிளாக்கில் அவற்றைக் காணோம். அது இல்லாமல் ஏற்றினால் லோடில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது, முன்பக்க கியர் ஹவுசிங்கைப் பொருத்தும் சின்ன டவல் பின் (பாகத்தைச் சரியான இடத்தில் நிறுத்தும் ஆணி). இந்த வகைப் பழைய இன்ஜின்களில் அது அதிர்ந்து அதிர்ந்து நழுவி கியருக்குள் விழுந்து, பிளாக்கையே கெடுத்த கதை உலகம் முழுக்க உண்டு. அது வெளியே வராதபடி விளிம்பைத் தட்டி இறுக்கவோ, சின்னத் தகடு வைத்து மறிக்கவோ சொல்லுங்கள். மெயின் போல்ட்டை 60, 119, 176 நியூட்டன் மீட்டர் என்று மூன்று தவணையாக டார்க் ரெஞ்ச்சில் முறுக்க வேண்டும். ஒவ்வொரு கேப்பும் முறுக்கியதும் கிராங்க்கைக் கையால் சுற்றிப் பாருங்கள்.

ஆர்.சி. விஷயம்: இன்ஜின் நம்பர் பிளாக்கில்தான் இருக்கிறது. உங்கள் பழைய நம்பரை அதில் அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தக் கடைப்பக்கமே போகாதீர்கள், அது கிரிமினல் கேஸ். முதலில் ஆர்.டி.ஓ. அனுமதி, அப்புறம் மாற்றிய 14 நாளுக்குள் ஆர்.சி.யைக் கொடுத்துப் புது நம்பரைப் பதிய வேண்டும். பிளாக்குக்கு பில்லும், அது வந்த வண்டியை முறைப்படி கழித்த காகிதமும் கையில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். இன்ஷூரன்ஸுக்கும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இன்ஜின் வேலை முடிந்ததும் ஒரு நாள் முழுக்க ஐடிலில் ஓடவிட வேண்டும் என்கிறார்களே?
– டிரைவர், நாமக்கல்

பதில்: வேண்டாம். லோடு இல்லாமல் ஓடினால் பிஸ்டன் ரிங் போரோடு அழுந்தி உட்காராது, வழவழவென்று மெருகேறிப்போகும், அப்புறம் வாழ்நாள் முழுக்க ஆயில் குடிக்கும். முதலில் டீசலை நிறுத்திவைத்து, பிரஷர் ஏறும் வரை விட்டு விட்டு ஸ்டார்ட்டர் அடியுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, ஒழுகலும் பிரஷரும் பார்த்துவிட்டு நடுத்தர லோடில் ரோட்டுக்குப் போங்கள். முதல் ட்ரிப் முடிந்ததும் ஆயிலை மாற்றி, பழைய ஃபில்டரை அறுத்து விரித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு மினுக்கு இருந்தால் பரவாயில்லை. ஜிகினா தெரிந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.