நீரில் மோதும் நெகிழ்தகடு

கேள்வி: படகின் அடித்தகடு அலையில் அறையும்போது, தகடு வளைந்து கொடுத்தால் அழுத்தம் குறையுமா? கணக்கில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: குறையலாம், ஆனால் எப்போதும் அல்ல. முதலில் தகடு வளையாது என்று வைத்துக்கொண்டு, ஹெர்பர்ட் வாக்னர் என்ற பொறியாளர் 1932இல் தந்த சூத்திரத்தில் கணக்கிடுங்கள். நொடிக்கு 5 மீட்டர் வேகம், அடிச்சரிவு (அடித்தகடு நீர்மட்டத்தோடு செய்யும் கோணம்) 10 பாகை என்றால் உச்ச அழுத்தம் ஏறத்தாழ 990 கிலோபாஸ்கல். சரிவு 30 பாகையானால் வெறும் 93! வடிவம் செய்யும் உதவி அவ்வளவு பெரிது.

அடுத்து நேரத்தை ஒப்பிடுங்கள். அதே 10 பாகைச் சரிவில், அரை மீட்டர் அகலத்தகடு நனைய சுமார் 11 மில்லிநொடி ஆகும். தகட்டின் இயல்பு அலைவுக்காலம் (தட்டிவிட்டால் தானாக ஒருமுறை அதிர எடுக்கும் நேரம்) இதைவிட மிகச் சிறிதென்றால், அழுத்தத்தை நிலைச்சுமைபோல, அதாவது அதிர்வு எழுப்பாத சுமைபோலக் கொள்ளலாம். இணையாகவோ அதிகமாகவோ இருந்தால் அதிர்வையும் நீரோட்டத்தையும் சேர்த்தே தீர்க்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்: காற்றில் அளந்த அலைவுக்காலத்தைப் போட்டுவிடுகிறார்கள். ஒட்டி அசையும் நீரின் நிறையால் மெல்லிய தகட்டின் அலைவுக்காலம் கணிசமாக நீளும்.

சோதனையில் அழுத்த உணரியை மட்டும் நம்பாதீர்கள். தட்டையான மோதலில் அடியில் சிக்கும் காற்றால் அழுத்த உச்சம் ஒவ்வொரு முறையும் மாறும். திரிபு, அதாவது தகடு வளையும்போது அதன் பரப்பு நீளும் விகிதம், அவ்வளவு மாறாது. திரிபுமானியைத் தகட்டின் நடுவிலும், தகட்டைத் தாங்கும் விறைப்புச்சட்டம் சேரும் பற்றவைப்பின் அருகிலும் ஒட்டுங்கள். சுமை திரும்பத் திரும்ப விழுவதால் வரும் களைப்பு விரிசல் பெரும்பாலும் அந்தப் பற்றவைப்பில்தான் தொடங்கும்.